தொப்பூர் இறக்கத்தில் கையோடு வந்த கியர் நாப்

சனிக்கிழமை காலை பட்டறை வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். டிஎன் 29 எண் போட்ட வெள்ளை ஹோண்டா கார் ஒன்று மெதுவாக வந்து நின்றது. இறங்கிய டீச்சர் கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் முடிந்திருந்த ஒன்றை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

“நேத்து தொப்பூர் இறக்கத்துல இது என் கையோட வந்துடுச்சு தம்பி. ராத்திரி பூரா தூக்கம் இல்ல.”

முடிச்சை அவிழ்த்தேன். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய, பளபளவென்ற உலோகக் கியர் நாப். காருக்குள் எட்டிப் பார்த்தால் கியர் ராடு மொட்டையாக நின்றது. அதன் தலையில் பழைய துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். அந்தத் துணியைப் பிடித்துத்தான் வீட்டிலிருந்து பட்டறை வரை வந்திருக்கிறார்.

கியர் நாப் மாற்றுவதை யாரும் ஒரு வேலையாகவே எண்ணுவதில்லை. சீட் கவர் போடுவது போல, ஸ்டிக்கர் ஒட்டுவது போல, அதுவும் ஒரு அழகு வேலை என்று நினைக்கிறார்கள். இந்த ஒரு காரில் நான் பார்த்ததை முழுதாக எழுதி வைத்தால் நாலு பேருக்காவது உதவும்.

நடந்தது

டீச்சருக்கு வீடு தருமபுரியில், பள்ளிக்கூடம் ஓமலூர் பக்கம். தினமும் தொப்பூர் கணவாய் வழியாகத்தான் போக வேண்டும். 44 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, நம் ஊர்க்காரர்கள் இன்னும் என்எச் 7 என்று சொல்கிற அதே ரோடு. தருமபுரியில் இருந்து சேலம் போகிறவர்களுக்கு அது இறக்கம். வளைவுகளும் இரட்டைப் பாலமும் அடுத்தடுத்து வரும். 2024 ஜனவரியில் அங்கே வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி 4 பேர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

இறக்கத்தில் வண்டியைக் கியரில் வைத்து இறக்குவதற்குக் காரணம் உண்டு. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜினே சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் போட்டால் அந்தப் பிடி போய்விடும். முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். பிரேக் சூடேறச் சூடேற அதன் பிடிப்பு குறையும்.

அன்று காலை டீச்சர் ஐந்தாவது கியரில் வந்திருக்கிறார். முன்னால் கல் ஏற்றிய லாரி ஒன்று மெதுவாவதைப் பார்த்து நான்காவதுக்கு இழுத்திருக்கிறார். ஐந்து மேலே, நான்கு கீழே. தன் பக்கமாக இழுக்க வேண்டும். இழுத்தார். ராடு நியூட்ரலோடு நின்றுகொண்டது, நாப் மட்டும் கையோடு வந்தது. வண்டி இறக்கத்தில் தானாக ஓடுகிறது. பதற்றத்தில் நாப்பைக் கீழே விட்டார், அது புடவை மடியில் விழுந்தது. நான் கேட்டதிலேயே முக்கியமான விஷயம் இதுதான். உருண்டையான பொருள் மடியில் தங்காமல் காலடிக்கு உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போயிருந்தால் இந்தக் கதையே வேறு. அவர் பிரேக்கை அழுத்தி, வெறும் ராடை உள்ளங்கையால் தள்ளி மூன்றாவதில் போட்டு, இடது ஓரத்தில் அகலமான இடம் பார்த்து நிறுத்தியிருக்கிறார். மறுநாளும் அந்த உள்ளங்கையில் மரையின் அச்சு வட்டமாகச் சிவந்து தெரிந்தது.

“பையன் வாங்கிக் குடுத்தது தம்பி” என்றார், குரலை இறக்கி. மகன் ஓசூர் பக்கம் கல்லூரியில் படிக்கிறான். அம்மாவின் பிறந்தநாளுக்கு ஆன்லைனில் வாங்கி, நான்கு மாதத்துக்கு முன் அவனே மாட்டிக் கொடுத்திருக்கிறான். அவனிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் அவருக்கு இருந்த கவலையில் பாதி.

இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். கியர் ராடைச் சுற்றியுள்ள ரெக்ஸின் கவர் கிழிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்புறம், இரண்டு மாதமாக ஐந்தாவது கியரும் ரிவர்ஸும் சில நேரம் விழும், சில நேரம் விழாது. வேறொரு இடத்தில் காட்டியதற்கு கிளட்ச் பிளேட் போய்விட்டது, செட்டாக மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மரை

முதலில் நாப்பைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கிற வகை. அடியில் பெரிய துளை, அதற்குள் ஒரு அலுமினிய புஷ் (உள்ளே மரை வெட்டிய சின்னக் குழாய்), பக்கவாட்டில் புஷ்ஷைப் பிடிக்க மூன்று சின்ன ஸ்க்ரூ. 8, 10, 12 மில்லிமீட்டர் என்று சில புஷ்களைப் பெட்டியிலேயே கொடுத்திருப்பார்கள். நம் காருக்கு எது சேர்கிறதோ அதைப் போட்டுக்கொள்ள வேண்டியது.

டார்ச் அடித்துப் பார்த்தபோது புஷ்ஷின் வாயில் முதல் மூன்று மரை மழுங்கி, வழித்தெடுத்த மாதிரி இருந்தது. அதற்கு உள்ளே உள்ள மரைகள் புத்தம் புதுசு. எண்ணெய்கூடப் பட்டதில்லை. கியர் ராடின் உச்சியிலும் இதே கதை: மேல் மூன்று மரையின் பள்ளத்தில் வெள்ளி நிறத்தில் அலுமினியத் துகள் அப்பிக் கிடந்தது, கீழே சுத்தமான இரும்பு. நான்கு மாதமாக அந்த நாப் மூன்றே மரையில் நின்றிருக்கிறது.

மகன் 10 மில்லிமீட்டர் புஷ்ஷைத்தான் போட்டிருக்கிறான். விட்டம் சரி. வெர்னியர் அளவுகோலில் ராடு 9.8 காட்டியது, 10 மில்லிமீட்டர் மரையை வெளியே அளந்தால் எப்போதும் துளி குறைவாகத்தான் காட்டும். ஆனால் மரைக்கு விட்டம் மட்டும் போதாது. ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் நடுவே உள்ள தூரமும் சேர வேண்டும். பட்டறையில் அதைப் பிட்ச் என்போம். ஹோண்டா கியர் ராடில் பிட்ச் 1.5 மில்லிமீட்டர். அந்த புஷ்ஷில் இருந்தது 1.25.

அப்படியானால் எப்படி ஏறியது என்று கேட்கலாம். முதல் சுற்றில் இரண்டுக்கும் விலகல் கால் மில்லிமீட்டர், இரண்டாவதில் அரை, மூன்றாவதில் முக்கால். மரைக்கு மரை இருக்கிற சின்ன இடைவெளி கொஞ்ச தூரம் அந்த விலகலைப் பொறுத்துக்கொள்ளும். அதற்குமேல் இரும்பு மரை அலுமினியத்தைக் கடித்துக்கொண்டு சிக்கிவிடும். சிக்கிய மரையும் நன்றாக இறுகிய மரையும் கைக்கு ஒரே மாதிரிதான் தெரியும். பையன் திருகியிருப்பான், மூன்றாவது சுற்றில் டக்கென்று நின்றிருக்கும், ஆட்டிப் பார்த்திருப்பான், ஆடவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறவனும் கையை மட்டும் நம்பினால் இதில் ஏமாறுவான்.

அதனால் கையை நம்பாமல் சுற்றை எண்ண வேண்டும். டிக்கியில் ஸ்டெப்னி குழிக்குள் பாலிதீன் பையில் சுற்றிக் கிடந்த பழைய ஒரிஜினல் நாப்பை எடுத்து வந்தேன். ராடின் மரையை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மரை வெட்டுகிற 10க்கு 1.5 டையை மெதுவாக ஓட்டி அலுமினியத் துகளை எல்லாம் எடுத்தேன். துகள் உள்ளே விழாமல் இருக்க முதலில் ராடைச் சுற்றித் துணியை அடைத்துக்கொண்டேன். பிறகு டீச்சரின் பையில் இருந்த சாக்பீஸை வாங்கி, நாப்பில் ஒரு கோடு போட்டு, விரல் நுனியால் திருகினேன். பன்னிரண்டு சுற்று முழுதாக ஏறி, அதற்குப் பிறகுதான் அடியில் போய் உட்கார்ந்தது. அதாவது 18 மில்லிமீட்டர் பிடிப்பு. கழன்று வந்த நாப்புக்கு இருந்தது நான்கரை.

வீட்டில் வெர்னியர், மரை கேஜ் எதுவும் இல்லாதவர்கள் பிட்ச்சைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. நாப்பைக் கழற்றி, வெள்ளைத் தாளை ராடின் மரைமேல் வைத்து விரலால் அழுத்தி உருட்டுங்கள். மரையின் கோடுகள் தாளில் விழும். பத்து இடைவெளியை ஸ்கேலில் அளந்தால் ஹோண்டாவில் 15 மில்லிமீட்டர் வரும். 1.25 பிட்ச் என்றால் 12.5 தான் வரும். இந்த வித்தியாசம் வெறும் கண்ணுக்கே தெரியும்.

இன்னொன்றும் என்னை உறுத்தியது. நாப்பின் உச்சியில் ஆறு கியருக்கான வரிசையைப் பொறித்திருந்தார்கள். இந்தக் காரில் ஐந்து கியர்தான். நாப் ஆறு என்று காட்டுகிற அதே இடத்தில் இந்தக் காருக்கு ரிவர்ஸ் இருக்கிறது. டீச்சருக்குப் பழக்கம், அவர் குனிந்து பார்க்கப் போவதில்லை. ஆனால் அவசரத்துக்கு வேறொருவர் சாவியை வாங்கினால்?

கவருக்கு அடியில்

கிளட்ச் விஷயத்தை இன்ஜினை அணைத்த நிலையிலேயே பார்த்தேன். கிளட்ச் சரியாக விடுபடாவிட்டால் இன்ஜின் ஓடும்போது எல்லாக் கியரும் முரண்டு பிடிக்கும், ரிவர்ஸில் கரகரவென்று சத்தம் வரும். அணைத்துவிட்டால் பெரும்பாலும் சாதாரணமாக விழும். இங்கே ஒன்று முதல் நான்கு வரை வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஐந்தும் ரிவர்ஸும் மட்டும் இன்ஜின் அணைந்திருந்தும் விழவில்லை. ஒருமுறைக்கு நாலுமுறை கிளட்சை விட்டு மிதித்துப் பார்த்தேன். இரண்டுமே வலது கடைசியில் இருக்கிற கியர்கள். ராடு வலது பக்கம் முழுதாகப் போகாமல், போக வேண்டிய தூரத்தில் முக்கால்வாசியில் எதன்மேலோ போய் முட்டுகிறது. முட்டுகிற சத்தம் டொக்கென்று கேட்டது. கிளட்சுக்கு அந்தச் சத்தம் கிடையாது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சாவியை எடுத்துவிட்டு, ராடை நியூட்ரலில் வைத்தேன். நாப்பை மறுபடி கழற்றினேன். கவரின் கீழ் விளிம்பு ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் மாட்டியிருக்கும். அந்தச் சட்டம், முன் சீட் இரண்டுக்கும் நடுவே உள்ள கன்சோலில் கிளிப்பால் உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் கன்சோலில் பல் பதிந்துவிடும், அந்த வடு காலத்துக்கும் போகாது. நான் ஒரு பழைய ஏடிஎம் கார்டைத்தான் வைத்திருக்கிறேன். பின் விளிம்பில் கார்டை நுழைத்து ஓரமாக நகர்த்தினால் கிளிப் ஒவ்வொன்றாக விடும். காலைக் குளிரில் பிளாஸ்டிக் விறைப்பாக இருக்கும், அவசரப்பட்டால் உடையும். வண்டியைக் கால் மணி நேரம் வெயிலில் விட்டுவிட்டுச் செய்தேன்.

சட்டத்தோடு கவர் மேலே வந்தது. மேல்வாய்க்குச் சற்றுக் கீழே, தையல் ஓரமாக, மூன்று விரல் நுழையும் கிழிசல். டார்ச்சை உள்ளே அடித்தேன். ராடு ஆடுகிற மூட்டான பிவட்டைச் சுற்றியிருந்த கிரீஸ் வெளுத்துப்போய் மாவு மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தால் சாக்பீஸ் தூள். பேனா மூடி ஒன்று, ஊக்கு ஒன்று, டோல்கேட் ரசீதுத் துண்டு. அப்புறம், ராடின் அடிப்பாகத்துக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்கும் நடுவே, இடது பக்கம், செங்குத்தாகச் செருகி நின்ற ஒரு இரண்டு ரூபாய்க் காசு.

காசு இடது பக்கத்தில் இருந்ததைக் கவனிக்க வேண்டும். ராடு நடுவில் ஒரு பிவட்டில் ஆடுகிறது. மேலே நாம் வலது பக்கம் தள்ளினால் பிவட்டுக்குக் கீழே உள்ள பாகம் இடது பக்கம் போகும். அங்கேதான் காசு தடுத்திருக்கிறது. நீளமூக்குப் பிளையரால் அதைப் பிடுங்கியதும் ஐந்தாவது கியர் விழுந்தது, ரிவர்ஸும் விழுந்தது. டீச்சரை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்து அவர் கையாலேயே போட்டுப் பார்க்கச் சொன்னேன். போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார். கிளட்ச் பிளேட்டுக்கு எடுத்து வைத்த பணத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, காசை மட்டும் வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கியர் கவரை வெறும் அலங்காரம் என்று நினைக்கிறவர்கள் இந்தக் காசை நினைத்துக்கொள்ளட்டும். முன்சக்கரம் வண்டியை இழுக்கிற இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் ராடு நேராகக் கியர்பாக்ஸுக்குப் போவதில்லை; இரண்டு கேபிள்தான் போகின்றன, அதனால் கவரைக் கழற்றினாலும் அடியில் ரோடு தெரியாது. ராடு நேராகக் கியர்பாக்ஸில் இறங்குகிற ஜீப் மாதிரி வண்டிகளிலோ கவர் கிழிந்தால் சூடும் புழுதியும் நேரே உள்ளே ஏறும். அவற்றில் பெரும்பாலும் உள்ளே ஒரு ரப்பர் கவரும் இருக்கும், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தையல்

ரெடிமேடு கவர் வாங்கிப் போட்டிருக்கலாம். ஆனால் இந்தக் காரின் சட்டத்துக்கு அளவாக வருவது கிடைக்கவில்லை. பேருந்து சீட் தைக்கிற பெரியவர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். பழைய கவரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பிளேடால் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, துண்டுகளை இஸ்திரிப் பெட்டியின் இளஞ்சூட்டில் தட்டையாக்கி, தினத்தாள் மேல் வைத்து வரைந்து, சுற்றிலும் தையலுக்கு ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டினார். நைலான் நூல், நீளத் தையல்.

முதலில் தைத்த கவரில் தவறு நேர்ந்தது. அளவு கொடுத்தது நான்தான். பழைய துணி வருடக்கணக்கில் சுருங்கியிருப்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மாட்டிப் பார்த்தால் நியூட்ரலில் அழகாக நின்றது. ரிவர்ஸில் போட்டதும் கவர் விறைத்து, கையை எடுத்தவுடன் ராடை முன்பக்கம் இழுத்தது. கவர் கியரை இழுக்கக் கூடாது. வண்டி அதிரும்போது அந்த இழுப்பே கியரை நழுவ வைக்கலாம். திரும்பக் கொண்டுபோனேன்.

“ரெண்டு விரக்கடை ஏத்திக் குடுத்துடறேன் தம்பி. மடிப்பு விழுந்தா விழட்டும். மடிப்பு இருந்தாத்தான் அது கவரு.”

இரண்டாவது கவரைச் சட்டத்தில் ஒட்டுவதற்கு முன் கிளிப்பால் தற்காலிகமாகப் பிடித்துக்கொண்டு ஒன்று, ஐந்து, ரிவர்ஸ் மூன்றிலும் போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் துணி தளர்வாக இருந்த பிறகுதான் பசை.

மேல்வாயை மாட்டுவதில் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. கவரை உள்பக்கம் வெளியே தெரியும்படி புரட்டி, ராடின் மேல் தலைகீழாக நுழைத்து, வாயைக் கேபிள் டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். பிறகு சட்டை கழற்றுவது போலக் கவரைக் கீழே இழுத்துவிட்டால் கட்டு உள்ளே மறைந்துவிடும். கேபிள் டையின் வெட்டிய நுனி கூராக இருக்கும், அதை நகவெட்டியால் ஒட்ட நறுக்காவிட்டால் ஒரு நாள் துணியைக் கிழிக்கும்.

பழைய நாப்பையே மாட்டி அன்று மாலை வண்டியை அனுப்பினேன். கவருக்கும் தையலுக்கும் என் கூலிக்கும் சேர்த்து 850 ரூபாய் ஆயிற்று.

மகன் வந்த நாள்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகனும் சேர்ந்து வந்தார்கள். பையன் முகம் வாடியிருந்தது.

“அண்ணா, இத தூக்கிப் போட்டுடலாமா?”

எனக்கு உலோக நாப் அவ்வளவாகப் பிடிக்காது. சித்திரை வெயிலில் வண்டி நின்றால் தொட முடியாது. ஆனாலும் இந்த உருண்டையில் ஒரு குறையும் இல்லை, குறை அதற்குள் இருந்த புஷ்ஷில். அதைச் சொல்லி, மழுங்கிய மரையையும் தாளில் எடுத்த அச்சையும் காட்டினேன். அவன் ஸ்கேலை வாங்கி இரண்டு முறை அளந்தான். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தான்.

லேத் பட்டறையில் பித்தளைத் தண்டில் புது புஷ் கடைந்தோம். உள்ளே 10க்கு 1.5 மரை, நீளம் 20 மில்லிமீட்டர், வெளிவிட்டம் நாப்பின் துளைக்கு இறுக்கமாக உட்கார்கிற அளவு. பக்கவாட்டு ஸ்க்ரூ மூன்றும் புஷ்ஷில் பதிந்து நிற்க அதில் மூன்று சிறு குழியும் போட்டோம். ராடில் முதலில் மெல்லிய லாக் நட் ஒன்றை இறக்கிவிட்டு, அதன்மேல் நாப். நாப் சரியான திசைக்கு வந்ததும் அடியிலிருந்து நட்டை ஏற்றி இறுக்கினால் இரண்டும் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்ளும்.

உச்சித் தகட்டில் இருந்த ஆறு கியர் வரிசைக்குப் பையனே வழி கண்டுபிடித்தான். தகட்டைக் கழற்றி, அதே அளவில் எவர்சில்வர் தகடு வெட்டி, கடைவீதியில் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிறவரிடம் கொண்டுபோய், ஒன்று முதல் ஐந்து வரையும் ரிவர்ஸும் அதனதன் இடத்தில் வெட்டி வாங்கி வந்தான்.

இதை வைத்து எல்லாக் காரையும் ஒரே மாதிரி திருகிப் பார்க்க வேண்டாம். மரை இல்லாமல் ராடில் அழுத்திச் செருகிய நாப்புகளும் உண்டு. அவற்றை நேராக மேலே இழுத்துத்தான் எடுக்க வேண்டும், இழுக்கும்போது முகத்தை ராடுக்கு நேராக வைக்கக் கூடாது. ரெனோ டஸ்டர், ஹூண்டாய் ஐ20 போல ரிவர்ஸுக்கு வளையத்தைத் தூக்கிப் போடுகிற வண்டிகளில் அந்த வளையம் கீழே உள்ள பூட்டோடு இணைந்திருக்கும். அதைத் திருகினால் அறுந்துவிடும். ஃபோக்ஸ்வேகன் போலோ வகையில் நாப்பும் கவரும் ஒன்றாக, கவருக்கு உள்ளே ஒரு கிளாம்பால் பிடித்திருக்கும். கிளாம்பை வெட்டினால் புதிது போட வேண்டும்.

நாப்பைப் பையன்தான் ஏற்றினான். நான் பக்கத்தில் நின்றேன், டீச்சர் பின் சீட்டில் இருந்தார். சாக்பீஸ் கோடு முன்பக்கம் வரும்போதெல்லாம் அவன் எண்ணினான். மூன்று என்றதும் ஒரு நொடி நிறுத்தினான். நாலு, அஞ்சு என்று மேலே போனான். பன்னிரண்டில் நிறுத்தச் சொல்லி, லாக் நட்டை இறுக்கி, நட்டுக்கும் நாப்புக்கும் குறுக்கே வெள்ளை பெயிண்டில் ஒரு புள்ளி வைத்தேன். நாப் சற்றே நகர்ந்தாலும் புள்ளி இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்று மாதம் கழித்து ஆயில் மாற்ற வந்தபோது கவரைத் தூக்கிப் பார்த்தேன். புள்ளி வைத்த இடத்திலேயே ஒன்றாக இருந்தது. பிவட்டில் புதிதாகத் தடவிய கிரீஸ் கறுப்பாக, ஈரமாக இருந்தது. டீச்சர் இப்போது காருக்குள் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா வைத்திருக்கிறார், சில்லறை போட.